ஃபாக்ஸ்கேட்சர் கொலை: மூன்று படங்களில் எதை முதலில் பார்ப்பது?

1996ஆம் ஆண்டு ஜனவரி 26, வெள்ளிக்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகருக்கு மேற்கே உள்ள நியூடவுன் ஸ்கொயரில், தன் வீட்டு வாசலில் நின்றிருந்த காரின் வானொலியைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார் டேவ் ஷுல்ட்ஸ். வயது 36. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 74 கிலோ ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் தங்கம் வென்றவர். அந்தக் கோடையில் அட்லாண்டாவில் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்கு மறுபடியும் தயாராகிக்கொண்டிருந்தவர். அவர் குடியிருந்த வீடு, பயிற்சி எடுத்த கூடம், குடும்பம் நடத்திய பணம் ஆகிய அனைத்துக்கும் உடையவரான ஜான் டூபான்ட் அங்கே காரை ஓட்டிவந்து நிறுத்தினார். தன்னோடு அவருக்கு ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். கைத்துப்பாக்கியால் மூன்று முறை சுட்டார். சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிவந்த மனைவி நான்சியின் கண்ணெதிரே கடைசிக் குண்டு பாய்ந்தது. டூபான்டின் காரில் பக்கத்து இருக்கையில் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் உட்கார்ந்திருந்தார்.

இந்தக் கொலையைப் பற்றி அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று படங்கள் வந்தன. 2014இல் பென்னட் மில்லர் இயக்கிய 'ஃபாக்ஸ்கேட்சர்' என்ற கதைப்படம், 2015இல் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் '30 ஃபார் 30' வரிசையில் ஜெஸ்ஸி வைல் இயக்கிய 'தி பிரின்ஸ் ஆஃப் பென்சில்வேனியா' என்ற ஆவணப்படம். 2016இல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட, ஜான் கிரீன்ஹால் இயக்கிய 'டீம் ஃபாக்ஸ்கேட்சர்' என்ற ஆவணப்படம். ஒரு மாலைப்பொழுது மட்டுமே கையில் இருப்பவர் இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது, மூன்றையும் பார்க்க மனமிருப்பவர் எதில் தொடங்குவது என்பதே இங்கே கேள்வி. வெளிவந்த வரிசையிலேயே பார்த்துவிட்டால் போயிற்று என்று தோன்றலாம். நான் அப்படித்தான் பார்த்தேன். அதனால் ஒரு நஷ்டம் நேர்ந்தது. டேவ் ஷுல்ட்ஸ் என்றதும் எனக்கு நெடுநாள் நினைவுக்கு வந்தது மார்க் ரஃபலோ என்ற நடிகரின் முகம். உண்மையான டேவின் முகத்தைப் பிறகு வீட்டுக் காணொளிகளில் பார்த்தபோது, யாரோ ஒருவர் அந்த வேடத்தில் நடிப்பதுபோல முதல் சில நிமிடங்கள் உறுத்தியது. கொலையுண்ட மனிதருக்கு இது நியாயமில்லை. இப்படிப்பட்ட வழக்குகளில் முதலில் பார்க்கும் படம் நமக்கு ஒரு முகத்தையும் ஒரு காரணத்தையும் தந்துவிடுகிறது. பிறகு வருபவை அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஆட்களைச் சற்று அறிந்துகொண்டால் ஒப்பிடுவது எளிதாகும். ஜான் டூபான்ட், 1802இல் வெடிமருந்து ஆலையாகத் தொடங்கிப் பிற்காலத்தில் உலகப் பெரும் இரசாயன நிறுவனமாக வளர்ந்த டூபான்ட் குடும்பத்தின் வாரிசு. ஃபாக்ஸ்கேட்சர் என்ற பெயரில் ஏறத்தாழ 800 ஏக்கர் பண்ணை. நடுவே, அமெரிக்காவின் நான்காவது குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மாடிசனின் மாளிகையை மாதிரியாக வைத்துக் கட்டிய பெரிய வீடு. பறவையியலிலும் சங்குசிப்பிகளிலும் உண்மையான ஈடுபாடு கொண்டவர். டெலவேர் மாநிலத்தில் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒன்றை நிறுவியவர். தபால்தலை சேகரிப்பதிலும் பித்து. 1856இல் அச்சான பிரிட்டிஷ் கயானாவின் ஒரு சென்ட் தபால்தலை உலகில் ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது. அதை 1980இல் 9,35,000 டாலருக்கு வாங்கி, அதன் பின்புறத்தில் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பென்சிலால் குறித்துவைத்தார். அவருக்கு முன்பு அதை வைத்திருந்தவர்களும் அப்படிக் குறித்ததுண்டு என்பதால் இதைப் பெரிய அத்துமீறலாகச் சொல்ல முடியாது. ஆனாலும், தாம் சோறுபோட்ட மல்யுத்த வீரர்களின் மார்பில் தம் பண்ணையின் பெயரைப் பொறித்து உலகப் போட்டிகளுக்கு அனுப்பிய மனிதரைப் புரிந்துகொள்ள, அந்தப் பென்சில் எழுத்துகளைவிடச் சிறந்த சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை.

டேவும் அவருடைய தம்பி மார்க்கும் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் வளர்ந்தவர்கள். ஒரே ஒலிம்பிக்கில், 1984இல், இருவரும் தங்கம் வென்றனர். மார்க் 82 கிலோ பிரிவில். டேவுக்குப் பள்ளிப்பருவத்தில் வாசிப்புக் குறைபாடு இருந்தது. ஆனால் சோவியத் வீரர்களோடு பேச வேண்டும் என்பதற்காகவே ரஷ்ய மொழியைக் கற்றார். பனிப்போர்க் காலத்தில் எதிரி நாட்டு ரசிகர்கள் கைதட்டி வரவேற்ற அமெரிக்கர்களில் ஒருவரானார். தங்கம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய இந்த இருவருக்கும் வாழ்க்கை நடத்த வழி என்ன என்பதுதான் இந்தக் கதையின் அடித்தளம். சோவியத் வீரர்களுக்கு அரசு சம்பளம் கொடுத்தது. அமெரிக்க மல்யுத்த வீரருக்கோ தொழில்முறைப் போட்டித் தொடர் கிடையாது, பரிசுப்பணம் கிடையாது. ஏதாவது கல்லூரியில் துணைப் பயிற்சியாளர் வேலை கிடைத்தால் உண்டு. அந்த வெற்றிடத்தில்தான் டூபான்டின் காசோலை வந்து விழுந்தது. வீடு, மாதப்பணம், பயணச்செலவு, நல்ல பயிற்சிக்கூடம். அமெரிக்க மல்யுத்த நிர்வாக அமைப்புக்கும் அவர் பெரும் நன்கொடையாளர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அந்த வீரர்கள் ஏன் உடனே மூட்டைகட்டிக்கொண்டு கிளம்பவில்லை என்பது புரியாத புதிராக இருக்க வேண்டியதில்லை.

இப்போது கதைப்படத்துக்கு வருவோம். 2 மணி 14 நிமிடம் ஓடுகிறது. கான் திரைப்பட விழாவில் பென்னட் மில்லருக்குச் சிறந்த இயக்குநர் விருது கிடைத்தது. ஆஸ்கருக்கு ஐந்து பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் வெல்லவில்லை. நகைச்சுவை நடிகராகவே அறியப்பட்ட ஸ்டீவ் கரெல், ஒட்டுமூக்கு வைத்துக்கொண்டு, வாக்கியங்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி விட்டுப் பேசும் டூபான்டாக வருகிறார். தொடக்கத்தில் அண்ணனும் தம்பியும் பேச்சே இல்லாமல் பயிற்சி செய்யும் ஒரு காட்சி உண்டு. தோளைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தொடங்கி, கழுத்தைப் பிடித்து, தலையோடு தலை முட்டி, மூக்கில் இரத்தம் வரும் அளவுக்குப் போய், அப்போதும் டேவ் கோபப்படாமல் தம்பியைத் தாங்கிப் பிடிக்கிறார். பாசமும் பொறாமையும் ஒரே பிடியில் இருப்பதை எந்த ஆவணப்படமும் இப்படிக் காட்டிவிட முடியாது. மல்யுத்தத்தை அறியாதவர்கூட அந்த இரண்டு நிமிடத்தில் அது என்ன மாதிரியான விளையாட்டு என்பதை உடம்பால் உணர்ந்துவிடுவார்.

ஆனால் உண்மைக் குற்றம் என்ற முறையில் இந்தப் படத்தை நம்பி உட்கார்ந்தால் காலக்கணக்கு கெட்டுவிடும். டூபான்டின் தாய் இறப்பதும், சியோல் ஒலிம்பிக்கில் மார்க் தோற்பதும், கொலை நடப்பதும் படத்தில் ஒரே குளிர்காலத்தின் தொடர்ச்சிபோலத் தோன்றுகின்றன. தாய் இறந்தது 1988. சியோல் ஒலிம்பிக்கும் அதே ஆண்டு. கொலை நடந்ததோ 1996. நடுவில் இருந்த எட்டு ஆண்டுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அதைவிடப் பெரிய மாற்றம், அண்ணன் தம்பி இருவரையும் அந்தப் பண்ணையில் ஒன்றாக வைத்திருப்பது. உண்மையில் மார்க் 1988இல் டூபான்டை விட்டு விலகிப் போனார். டேவ் மனைவி மக்களோடு அங்கே குடியேறியது 1989இல். இருவருக்கும் நடுவே டூபான்ட் என்ற முக்கோணம் நாடகத்துக்கு வசதியானதுதான். அதற்கு விலையாக டேவ் அந்த மண்ணில் வாழ்ந்த ஏழு ஆண்டுகள், அவர் பிள்ளைகள் வளர்ந்த ஆண்டுகள், காணாமல் போய்விட்டன. 2014ஆம் ஆண்டின் கடைசி நாள்களில் மார்க் சமூக ஊடகத்தில் இயக்குநரைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். டூபான்டுக்கும் தமக்கும் இடையே படம் குறிப்பால் உணர்த்தும் நெருக்கம் அவரை ஆத்திரப்படுத்தியிருந்தது. பிறகு அவரே மனம் மாறி வருத்தம் தெரிவித்தார். இரண்டு நிலைகளிலும் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம்: படம் நல்ல படம், அவருடைய வாழ்க்கை அதுவல்ல.

'டீம் ஃபாக்ஸ்கேட்சர்' ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கதைப்படம் வெட்டி எறிந்த அந்த ஆண்டுகள்தாம் இதன் உடல். நான்சி பேசுகிறார், பண்ணையில் தங்கிப் பயின்ற மல்யுத்த வீரர்கள் பேசுகிறார்கள், அவர்கள் பேச்சுக்கு இடையிடையே அந்தக் காலத்தில் குடும்பங்கள் கைக்காணொளிக் கருவியில் எடுத்த துண்டுப் படங்கள் ஓடுகின்றன. தாடியும் வழுக்கையுமாக, குழந்தைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும் டேவை அங்கேதான் பார்க்கிறோம். வீடியோவின் நிறம் மங்கியிருக்கிறது, படம் ஆடுகிறது, பேச்சு பாதியில் அறுபடுகிறது. அதனாலேயே நம்பிக்கை வருகிறது. இன்னொரு காரணத்தாலும் இந்தத் துண்டுகள் அரியவை. அந்த மாளிகை 2013இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நிலத்தின் ஒரு பகுதியில் பள்ளிக்கூடம், இன்னொரு பகுதியில் குடியிருப்பு வீடுகள் என்று இடமே மாறிவிட்டது. கதைப்படத்தில் நாம் காணும் பண்ணை வேறு இடங்களில் படமாக்கப்பட்டது. ஆக, கொலை நடந்த நிலத்தை உள்ளபடி பார்க்க வேண்டுமானால் இப்படிப்பட்ட பழைய காணொளிகளை விட்டால் வேறு கதியில்லை.

ஆனால் இந்த ஆவணப்படத்தை நான் முன்னிறுத்துவதற்குக் காரணம் பாசமான குடும்பக் காட்சிகள் மட்டுமல்ல. பணக்காரர் ஒருவரின் மனம் சிதையும்போது சுற்றியிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் படிப்படியாக, நாள்காட்டியைப் புரட்டுவதுபோல, இது காட்டுகிறது. சுவருக்குள் ஆள்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று டூபான்ட் சொன்னார். வீரர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். பண்ணைக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கிறது என்றார். அதைத் தேடக் கூலிக்கு ஆள் வைத்தார், அவர்களும் தேடினார்கள். நடைபயிற்சி இயந்திரத்தின் கடிகாரம் தம்மைக் காலத்தில் பின்னோக்கி இழுக்கிறது என்றார். ஐம்பது வயதில் மல்யுத்தம் பழகி மூத்தோர் போட்டிகளில் இறங்கினார், எதிராளிகள் விட்டுக்கொடுத்தார்கள், வெற்றிப் பதக்கத்தோடு வீடு திரும்பினார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அப்போது அவர்களும் சிரித்திருக்கிறார்கள். நம் ஊரில் பெரிய மனிதர் ஒருவர் இப்படி நடந்துகொண்டால் 'அவருக்குச் சற்று வினோத புத்தி' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அதே நடத்தை கூலிக்காரர் ஒருவரிடம் தென்பட்டால் வேறு பெயர் வைப்போம். நியூடவுன் ஸ்கொயரிலும் அதுதான் நடந்தது.

1995இல் சிரிப்புக்கு இடமில்லாமல் போயிற்று. பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கெவின் ஜாக்சன் உள்ளிட்ட கருப்பின வீரர்களைத் தம் அணியிலிருந்து டூபான்ட் வெளியேற்றினார். அதன் பிறகும் மல்யுத்த நிர்வாக அமைப்பு அவரோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் டான் சாய்ட் என்ற வீரரின் மேல் இயந்திரத் துப்பாக்கியை நீட்டிப் பண்ணையை விட்டு ஓடச் சொன்னார். சாய்ட் காவல்துறையிடம் போனார், ஒன்றும் நடக்கவில்லை. இங்கே ஒரு தகவலைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: உள்ளூர்க் காவலர்கள் துப்பாக்கிப் பயிற்சி எடுத்த திடல் டூபான்டின் நிலத்துக்குள்தான் இருந்தது. கொலைக்குப் பிறகு அவர் மாளிகைக்குள் புகுந்துகொண்டபோது, அவர் எவ்வளவு குறிபார்த்துச் சுடுவார் என்பது வெளியே நின்ற காவலர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் முற்றுகைக்குப் பின் காவலர்கள் மாளிகையைச் சூடாக்கும் கொதிகலனை நிறுத்தினார்கள். ஜனவரிக் குளிர் தாங்காமல் அதைச் சரிசெய்யத் தாமே ஆயுதமின்றி வெளியே வந்தார் டூபான்ட், பிடிபட்டார்.

இந்தப் படத்தின் குறையையும் சொல்லிவிட வேண்டும். இது பெரும்பாலும் நான்சியின் கண்ணால் பார்த்த கதை. கணவரை இழந்தவரின் நினைவில் கணவர் குறையற்றவராகவே இருப்பார், அதில் தவறும் இல்லை. தம்பி மார்க்கின் பார்வை இங்கே மிகக் குறைவு. அதனால் 1980களின் பிற்பகுதியில் டூபான்ட் எப்படி இருந்தார், வில்லனோவா பல்கலைக்கழகத்தில் அவர் பணம் கொடுத்து உருவாக்கிய மல்யுத்த அணி இரண்டே ஆண்டுகளில் ஏன் கலைந்தது என்பவை போதிய வெளிச்சம் பெறவில்லை. நிர்வாக அமைப்பின் பொறுப்பைப் பற்றி இன்னும் உரத்துக் கேட்டிருக்கலாம். வீரர்கள் தங்களையே நொந்துகொள்ளும் இடங்களில் படம் அவர்களோடு தங்கி நிற்கிறது. அந்த நன்கொடைகளுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர்களிடம் அதே அளவு தங்கவில்லை.

அந்தக் குறையில் பாதியை நிரப்புவது 'தி பிரின்ஸ் ஆஃப் பென்சில்வேனியா'. ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இதில் மார்க் ஷுல்ட்ஸ் நேரில் வந்து பேசுகிறார். டூபான்டிடம் முதலில் போய்ச் சேர்ந்தவர் அவர்தான் என்பதையும், விலகியவரும் அவர்தான் என்பதையும், அவர் விட்டுவந்த இடத்துக்குத்தான் அண்ணன் பிறகு குடிபோனார் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தால், வேறு எந்த விளக்கவுரையும் தேவைப்படாது. விளையாட்டுத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டதால் வேகம் அதிகம். டூபான்டின் குழந்தைப்பருவம், தாயின் குதிரைகள், தனிமை என்று வழக்கமான தடத்தில் விரைந்து ஓடுகிறது. தலைப்பே கொலையாளியைச் சுட்டுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல துணைப்படம்; முதற்படமாக ஏற்றதல்ல. நேரம் மிகக் குறைவு, ஆனால் வழக்கின் எலும்புக்கூடு தெரிய வேண்டும் என்பவருக்கு இதுவே போதும்.

சட்டத்தில் ஆர்வமுள்ளவர் மூன்றில் எதை எடுத்தாலும் ஓரளவு ஏமாற்றம் அடைவார். கதைப்படத்தில் வழக்குமன்றம் வரவே இல்லை. ஆவணப்படங்களில் கடைசிப் பகுதியில் வந்து போகிறது. ஆகவே அதைத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. 1996 செப்டம்பரில் டூபான்ட் விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இல்லை என்று முடிவாகி, அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். சில மாதச் சிகிச்சைக்குப் பின் விசாரணை நடந்தது. மனநோயால் செய்ததன் தன்மையே தெரியாத நிலையில் இருந்தார், ஆகவே குற்றமற்றவர் என்று வாதிட்டது எதிர்த்தரப்பு. 1997 பிப்ரவரி 25 அன்று நடுவர் குழு அதை ஏற்கவில்லை. ஆனால் முதல்நிலைக் கொலை என்றும் சொல்லவில்லை. மூன்றாம்நிலைக் கொலைக்குக் குற்றவாளி, அதே சமயம் மனநோயாளி என்பது தீர்ப்பு. பென்சில்வேனியாவில் முதல்நிலை என்றால் ஆயுள் முழுவதும் சிறை அல்லது மரண தண்டனை. மூன்றாம்நிலை என்றால் ஆண்டுக்கணக்கு. 'குற்றவாளி, ஆனால் மனநோயாளி' என்ற இந்த இடைப்பட்ட தீர்ப்பு தண்டனையைக் குறைப்பதற்கானது அன்று; சிறையிலேயே சிகிச்சைக்கு வழிசெய்வது. 13 முதல் 30 ஆண்டு வரை சிறை விதிக்கப்பட்டது. 2010 டிசம்பர் 9 அன்று, 72ஆம் வயதில், சிறையிலேயே இறந்தார். ஃபாக்ஸ்கேட்சர் என்று பொறித்த சிவப்பு மல்யுத்த உடையில் புதைக்கப்பட வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார்; அப்படியே செய்தார்கள். சொத்தில் பெரும்பகுதி பல்கேரிய மல்யுத்த வீரர் வாலண்டின் யோர்டானோவுக்கும் அவர் குடும்பத்துக்கும் போயிற்று. அந்த ஒரு சென்ட் தபால்தலை 2014 ஜூனில் 95 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது, கான் விழாவில் கதைப்படம் காட்டப்பட்ட அடுத்த மாதம்.

பணம் இருந்ததால்தான் தப்பித்தார் என்றோ, பணம் இருந்தும் தப்பவில்லை என்றோ இரண்டு விதமாகவும் இந்தத் தீர்ப்பைப் பேசலாம், பேசியும் இருக்கிறார்கள். என் பார்வையில் சலுகை வழக்குமன்றத்தில் கிடைத்ததைவிட அதற்கு முந்தைய ஆண்டுகளில் கிடைத்தது பல மடங்கு. இயந்திரத் துப்பாக்கியை ஓர் ஆள்மீது நீட்டியவரை மூன்று மாதம் வரை யாரும் தொடவில்லை என்பதுதான் டேவின் உயிரைக் குடித்தது. இந்தக் கணக்கில் பார்த்தால் மூன்று படங்களையும் தரம்பிரிப்பது கடினமில்லை. கதைப்படம் இரண்டு மனிதர்களின் உள்ளத்துக்குள் போகிறது. ஊரும் காவல்துறையும் நிர்வாக அமைப்பும் அதில் ஏறக்குறைய இல்லை. ஈ.எஸ்.பி.என். படம் ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு. 'டீம் ஃபாக்ஸ்கேட்சர்' மட்டுமே, குறைபாடுகளோடு என்றாலும், ஒரு கூட்டத்தைக் காட்டுகிறது: ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்துக்காகத் தங்கிவிட்ட கூட்டம். ஒருவருக்கு ஒலிம்பிக் நெருங்கிவிட்டது. இன்னொருவருக்குப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். வேறொருவருக்குப் போக்கிடம் இல்லை. டேவுக்கு இவை எல்லாமே இருந்தன. கூடவே ஜானைத் தம்மால் சமாளித்துவிட முடியும் என்ற நம்பிக்கையும்.

ஒரு மாலை மட்டுமே இருப்பவருக்கு என் பரிந்துரை தயக்கமில்லாமல் 'டீம் ஃபாக்ஸ்கேட்சர்'தான். விளையாட்டுப் பயிற்சியில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தாலும் இதுவே; கதைப்படத்தின் நீண்ட மௌனங்களில் அவர்கள் கைப்பேசியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். வீட்டையும் உணவையும் பயிற்சியையும் ஒரே மனிதரிடமிருந்து பெறுவதில் இருக்கும் ஆபத்தைப் பற்றி அவர்களோடு பேச வேண்டுமானால், பேசுவதற்கான உண்மை மனிதர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் கொலை நடந்த நேரத்தைப் பற்றி நான்சி பேசும் பகுதியைச் சிறு குழந்தைகள் இருக்கும் அறையில் ஓடவிட வேண்டாம். நடிப்பையும் இயக்கத்தையும் நேசிப்பவர், உண்மைக் குற்றம் என்ற வகையே ஒவ்வாது என்பவர் கதைப்படத்தையே எடுத்துக்கொள்ளட்டும். அது வழக்குப் பதிவல்ல என்ற நினைப்பு மட்டும் இருந்தால் போதும். கதைப்படத்தின் முடிவில் மார்க் கூண்டுச் சண்டைக்குள் நுழைவது இட்டுக்கட்டியதல்ல என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். 1996 மே மாதம், அண்ணன் இறந்து நான்கு மாதம்கூட ஆகாத நிலையில், டெட்ராய்ட்டில் நடந்த யூ.எஃப்.சி. 9 போட்டியில் அவர் உண்மையிலேயே இறங்கினார், வென்றார்.

மூன்றையும் பார்க்கும் எண்ணமுள்ளவர் முதலில் 'டீம் ஃபாக்ஸ்கேட்சர்', அடுத்த நாள் மார்க்கின் குரலுக்காக ஈ.எஸ்.பி.என். படம், ஒரு வாரம் கழித்துக் கதைப்படம் என்று வைத்துக்கொள்ளலாம். கதைப்படத்தைக் கடைசிக்குத் தள்ளுவதற்கு முகத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. டூபான்ட் தம்மைப் புகழ்ந்து காணொளிகள் எடுக்கச் செய்தவர். கதைப்படத்தில் அப்படியொரு படப்பிடிப்பு வருகிறது: டேவை நாற்காலியில் உட்காரவைத்து, ஜான் என் வழிகாட்டி என்று சொல்லும்படி கேட்கிறார்கள். ரஃபலோ வாயைத் திறக்கிறார், மூடுகிறார், எதையோ சொல்லத் தொடங்கி வேறெங்கோ போகிறார், சங்கடமாகச் சிரிக்கிறார், மறுபடி கேட்கிறார்கள். சம்பளம் வாங்குகிறவர் பொய் சொல்ல முடியாமலும் மறுக்க முடியாமலும் தவிக்கும் அந்தச் சில வினாடிகளை, உண்மையான டேவின் முகத்தை ஏற்கெனவே ஒன்றரை மணி நேரம் பார்த்துப் பழகியவராக உட்கார்ந்து பாருங்கள்.